திண்டுக்கல்லில் எண்ணப்பட்டவர்கள்

ஒரு நர்ஸ், ஒரு விளக்கு, கொஞ்சம் பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம். ஊறுகாயில் ஊற்றும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். மூன்று முதல் ஐந்து சதவீதக் கரைசலில் பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். செல்கள் புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கியிருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்கு அலைய வேண்டாம். பெண் மேசையை விட்டு இறங்கும் முன்பே முடிவு கையில் இருக்கும். 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 31,343 பெண்களுக்கு இந்தச் சோதனை நடந்தது.

சோதனை ஏற்கெனவே பலருக்கும் தெரிந்ததுதான். திண்டுக்கல்லில் புதிதாக நடந்தது எண்ணும் வேலை. சோதனைக்கு வந்தவர்களோடு, அழைத்தும் வராதவர்களையும், அழைக்கப்படாதவர்களையும் 2006 வரை கணக்கில் வைத்திருந்தார்கள். அவர்களில் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். வினிகர் போன்ற ஒரு கரைசல் உயிர் காக்கும் என்று உலகம் நம்பத் தொடங்கியது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆள் பிழைப்பார், இதற்கு எதற்கு இத்தனை பெரிய கணக்கு என்று தோன்றலாம். ஒரு பெண்ணுக்கு 2004-இல் ரத்தப்போக்கு ஏற்பட்டு, புற்றுநோய் என்று தெரிந்து, 2006-இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் தெரிந்தபின் அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டு. அதே பெண்ணுக்கு 2000-இலேயே சோதனையில் நோய் தெரிந்து, சிகிச்சை பலிக்காமல் அதே 2006-இல் இறந்தால்? 'கண்டறிந்தபின் ஆறு ஆண்டு வாழ்ந்தார்' என்று ஆஸ்பத்திரிக் கணக்கு சொல்லும். ஐந்தாண்டு தாண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறும். அவரோ ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு நான்கு ஆண்டுகள் கூடுதலாக இருந்தார், அவ்வளவுதான்.

இதைவிடக் கொடிய ஏமாற்றம் தென் கொரியாவில் நடந்தது. அங்கே 1999-இல் அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு கிடையாது. ஆனால் மற்றச் சோதனைகளுக்கு வந்தவர்களிடம், சிறு கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்தையும் ஸ்கேன் செய்து தருகிறோம் என்று ஆஸ்பத்திரிகள் சொல்லத் தொடங்கின. 2011-இல் தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆகியிருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதமோ அத்தனை ஆண்டுகளிலும் அசையவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் தந்திருக்காத சின்னஞ்சிறு கட்டிகளைத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ எல்லோருக்கும் அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை விழுங்க வேண்டும். சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்களே இதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய பிறகு, ஓராண்டுக்குள் அந்த அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

எத்தனை பேருக்கு நோய் கண்டுபிடித்தோம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனைத் திட்டத்தை மெச்சவே கூடாது. இறப்பு குறைந்ததா என்று கேட்க வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரிப் பேரேடு போதாது. ஒரு மாவட்டத்தின் மொத்த மக்களையும் உள்ளடக்கிய புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும்.

இந்தியாவில் அந்த வேலை மும்பையில் 1963-இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின் கீழ் 1982 முதல் சென்னை, பெங்களூரு, மும்பை ஆகிய மூன்று நகரங்களின் பதிவேடுகள் இயங்கின. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஏற்று நடத்தியது. கிராமத்துக்கான முதல் பதிவேடு மகாராஷ்டிராவின் பார்ஷியில் 1987-இல் வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துக்கான பதிவேட்டை, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் 1990-களின் நடுவில் தொடங்கியது.

அன்று புற்றுநோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே தகவல் தானாக வந்து சேராது. பதிவேட்டு ஊழியர்தான் தேடிப் போக வேண்டும். மருத்துவமனைகளின் பதிவறை, பயாப்சி பார்க்கும் லேப், கதிர்வீச்சுப் பிரிவு, கடைசியாக இறப்புப் பதிவேடு. திண்டுக்கல் நோயாளி திண்டுக்கல்லிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார் என்பதும் இல்லை. மதுரைக்குப் போவார், கோவைக்குப் போவார், வேலூருக்கும் சென்னைக்கும் போவார். அங்கெல்லாம் போய் அவரைத் தேட வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் பெயர்ச் சிக்கல் ஆரம்பமாகும். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. ஒரு லேப் ரிப்போர்ட்டில் 'பி. மாரியம்மாள், 45' என்றிருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து. இன்னோர் ஆஸ்பத்திரியில் 'மாரியம்மா, க/பெ. முருகன், 50' என்று இருக்கும். இருவரும் ஒருவரா, இருவரா? ஒருவரை இருவராக எண்ணினால் நோய் கூடியதாகத் தெரியும். இருவரை ஒருவராக்கினால் ஒரு பெண் கணக்கிலிருந்தே மறைந்துபோவார். ஊர், தெரு, வயது, கணவர் பெயர், நோய் தெரிந்த தேதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது ஓராண்டு வசித்தவரா என்றும் பார்க்க வேண்டும். வைத்தியத்துக்காக வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியவரின் முகவரி கணக்கில் சேராது. இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'வயோதிகம்' என்றோ 'காய்ச்சல்' என்றோ மட்டும் இருந்தால், வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வராத இந்த ஊழியர்களின் உழைப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது.

திண்டுக்கல் ஆய்வுக்கு அடித்தளம் இப்படி அமைந்த பதிவேடுதான். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் 57 தொகுதிகளுக்குப் பரிசோதனை, 57 தொகுதிகளுக்கு வழக்கமான மருத்துவ வசதி என்று ஒதுக்கினார்கள். 30 முதல் 59 வயதுக்குள் இருந்த பெண்கள் பரிசோதனைப் பக்கம் 49,311 பேர். மறுபக்கம் 30,958 பேர்.

அழைத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் வந்தார்கள். வந்தவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்களே கருவி கொண்டு உற்றுப் பார்த்தார்கள், பயாப்சி எடுத்தார்கள், தேவைப்பட்டால் குளிரூட்டி அந்தத் திசுவை அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் செய்தார்கள். பெரிய டாக்டர் வர வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனைத் தொகுதிகளில் 167 பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், 83 இறப்பு. மற்றத் தொகுதிகளில் 158 பேருக்கு நோய், 92 இறப்பு. பார்த்த மாத்திரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பரிசோதனைப் பக்கம் பெண்கள் மிக அதிகம். ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டி வகுத்தால், லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு இறப்பு ஒரு பக்கம் ஏறக்குறைய 30, மறுபக்கம் 51. வயது முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தபோது நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பலன் இது. அழைத்தும் வராத 36 சதவீதம் பேரின் நோயும் சாவும்கூடப் பரிசோதனைப் பக்கத்துக் கணக்கில்தான் சேர்ந்திருக்கின்றன என்பதால், இந்த 35 என்ற எண்ணின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஒப்பிடுவதற்கு மறுபக்கம் ஒன்று ஏன் தேவை என்பதற்குச் சென்னையே பதில் சொல்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் வந்தது. பெண்களின் புற்றுநோய்களில் அதுவே முதலிடம். அடுத்த கால் நூற்றாண்டில் அது ஏறத்தாழப் பாதியாகி, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் நகரம் முழுமைக்குமான பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. பெண்கள் படித்தார்கள், தாமதமாக மணம் முடித்தார்கள், குறைவாகப் பிள்ளை பெற்றார்கள். சுகாதார வசதியும் கூடியது. நோய் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினால், அந்த இறக்கம் முழுவதையும் திட்டத்தின் வெற்றி என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மறுபக்கத்தில் இருந்தவர்களும் உயிருள்ள பெண்கள். திண்டுக்கல்லில் 92 பேர், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 64 பேர், மும்பையில் 98 பேர் என்று மூன்று பெரிய ஆய்வுகளிலும் பரிசோதனை அளிக்கப்படாத பிரிவுகளில் 254 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். மேலைநாடுகளில் பல்லாண்டுகளாக, கருப்பை வாய்ச் செல்களை எடுத்து லேபில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை வழக்கத்தில் இருக்கும்போது, ஏழைப் பெண்களில் ஒரு பகுதியைச் சோதிக்காமல் விட்டது நியாயமா என்று அமெரிக்க மருத்துவர்களும் இந்தியச் செயற்பாட்டாளர்களும் கேட்டார்கள். அன்று அந்தக் கிராமங்களில் வழக்கமான வசதி என்பதே பரிசோதனை இல்லாத நிலைதான் என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் கேள்வி நியாயமானது. பரிசோதனை இல்லாத நிலையை இத்தனை காலம் வழக்கமாக வைத்திருந்தது யார் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அந்த 254 பேரின் சாவுக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால், கிடைத்த சான்று கிராமத்துப் பெண்களுக்குச் சிகிச்சையாகத் திரும்பி வந்தாக வேண்டும்.

உஸ்மானாபாத் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, வினிகர் சோதனை, பாப் ஸ்மியர், இந்நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை ஆகிய மூன்றையும் ஒரே களத்தில் ஒப்பிட்டார்கள். 2009-இல் வந்த முடிவில், வைரஸ் சோதனைதான் இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது: அந்தப் பிரிவில் 34 இறப்பு, சோதனை இல்லாத பிரிவில் 64. திண்டுக்கல்லில் பலன் தந்த வினிகர் சோதனை அங்கே இறப்பைக் குறைத்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. வெள்ளைத் திட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனை, பார்ப்பவரின் பயிற்சியையும் தொடர் மேற்பார்வையையும் நம்பியிருக்கிறது. வைரஸ் சோதனை அப்படி ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் அதையே முதல் சோதனையாகப் பரிந்துரைக்கிறது.

சான்று கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களைவிட மேல் என்று இதில் திருப்திப்பட முடியவில்லை. 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோன அரசு இது. அதற்குப் பிறகும் பத்தில் ஒன்பது பெண்கள் வெளியேதான் இருந்தார்கள்.

காரணம் பெரும்பாலும் அழைக்கும் விதத்தில் இருக்கிறது. வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் 'இதையும் பார்த்துக்கோங்கம்மா' என்று சொல்வது ஒரு முறை. ஊரில் உள்ள எல்லாப் பெண்களின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி வீட்டுக்கே போய் அழைத்து, வராதவரை மறுபடி அழைப்பது இன்னொரு முறை. திண்டுக்கல்லில் 64 சதவீதம் பேர் வந்தது இரண்டாவது முறையால். 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இந்த வழியில்தான் அமைந்தது.

அந்த நான்கு மாவட்டங்களிலிருந்து எத்தனை லட்சம் பேரைச் சோதித்தோம் என்ற செய்தி வரும்போது, கூடவே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அறிகுறி தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது? அத்தனை கவனமாக நடந்த திண்டுக்கல் ஆய்விலேயே, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, வேலைக்குப் போய்வர முடிகிறது. அப்படிப்பட்டவரிடம் சிகிச்சைக்கு வாருங்கள் என்றால் ஒரு நாள் கூலி போகும் என்ற கணக்குதான் முதலில் வரும். மீதி 500-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு நோய் வரக்கூடிய இடம் தெரியும், அதை அழிக்கும் கருவியும் மாவட்டத்திலேயே இருந்தது. சிகிச்சைதான் அவர்களைப் போய்ச் சேரவில்லை.