கார் ஓடாத மாநில நெடுஞ்சாலை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் என்றாலே டெட்ராய்ட், டெட்ராய்ட் என்றாலே கார். அதே மாநிலத்தின் நெடுஞ்சாலைப் பட்டியலில் எம்-185 என்று ஒன்று உண்டு. அதில் கார் ஓட்டத் தடை!

ஹியூரான் ஏரியில் இருக்கும் மேக்கினா தீவின் கரையை ஒட்டி ஒரு வட்டம் போடுகிறது இந்தச் சாலை. நீளம் 8 மைல்தான். 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வேறெந்த நெடுஞ்சாலையையும் தொடாது.

தடையின் கதை 1898-ல் தொடங்குகிறது. அப்போதே இந்தத் தீவு பணக்காரர்களின் கோடை வாசஸ்தலம். 1887-ல் கிராண்ட் ஹோட்டல் வந்துவிட்டது. விருந்தினர்களைச் சுற்றிக்காட்டிப் பிழைத்தவர்கள் குதிரை வண்டிக்காரர்கள். தடதடவென்று வந்த மோட்டார் வண்டியைக் கண்டு குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் ஊர் மன்றத்தில் முறையிட்டார்கள்; மன்றம் மோட்டாருக்குத் தடை போட்டது. தீவின் பெரும்பகுதி மாநிலப் பூங்கா. 1901-ல் பூங்கா நிர்வாகமும் அதே தடையை விதித்தது. இன்று இதைச் சுற்றுச்சூழல் சாதனையாகப் புகழ்கிறார்கள். உண்மையில் இது சவாரி போய்விடுமே என்ற வயிற்றுப்பாட்டுக் கவலையில் பிறந்த சட்டம். அதனால்தான் நிலைத்தது என்றும் சொல்லலாம்.

1933-ல் சாலைக்கு மாநில நெடுஞ்சாலை அந்தஸ்து கிடைத்தது. தடை மட்டும் மாறவில்லை.

படகுத்துறையில் இறங்கினால் கடைத்தெருவே நெடுஞ்சாலை. ஃபட்ஜ் கிண்டும் இனிப்புக் கடைகள், வாடகை சைக்கிள்கள், பார்சல் ஏற்றிய குதிரை வண்டிகள், சாணம் அள்ளும் ஊழியர்கள். ஊரைத் தாண்டியதும் ஒருபுறம் ஏரி, மறுபுறம் சுண்ணாம்புப் பாறை. கிழக்குக் கரையில் தலைக்கு மேலே ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிறது ஆர்ச் ராக் என்ற இயற்கைப் பாறை வளைவு. வடமேற்குக் கரையில் பிரிட்டிஷ் லேண்டிங். 1812 ஜூலையில் ஆங்கிலேயப் படை இரவோடு இரவாக இங்கே இறங்கி, பீரங்கியைத் தீவிலிருந்த அமெரிக்கக் கோட்டைக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு இழுத்துப் போனது. பிரிட்டனோடு போர் தொடங்கிய செய்தியே கோட்டையிலிருந்த அமெரிக்கர்களுக்கு எட்டியிருக்கவில்லை. சண்டையே போடாமல் சரணடைந்தார்கள்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாலையில் நடந்ததாகப் பதிவான முதல் மோட்டார் விபத்தே அந்த இரண்டுக்கும் இடையில்தான். 2005-ல் நின்றிருந்த ஆம்புலன்ஸின் கதவைத் தீயணைப்பு வண்டி இடித்துவிட்டது!

குளிர்காலத்தில் பனிவண்டிகளுக்கு அனுமதி உண்டு. ஏரி நன்றாக உறைந்துவிட்டால் எதிர்க்கரையிலுள்ள செயின்ட் இக்னஸ் வரை பனிக்கட்டி மேலேயே போய்வருகிறார்கள். வழி தவறாமலிருக்க, கிறிஸ்துமஸ் முடிந்து கழித்துப்போட்ட மரங்களை வரிசையாக நட்டுவைப்பது உள்ளூர் வழக்கம்.

2019 செப்டம்பரில் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ், பாதுகாப்பைக் காரணம் காட்டி, எட்டு வண்டிகள் புடைசூழத் தீவுக்குள் வந்தார். சர்ச்சை வெடித்தது. 1975-ல் பதவியிலிருந்த ஜனாதிபதி ஃபோர்டு (கார் கம்பெனிக்காரருக்கு உறவில்லை) குதிரை வண்டியில்தான் போனார். ஜனாதிபதிக்கே அது போதுமென்றால் துணை ஜனாதிபதிக்கு எட்டு வண்டி எதற்கு என்று கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம்.