கட்ச் நிலத்தோற்றமும் இயங்கும் பிளவுப்பெயர்ச்சிகளும்

முன்னுரை

குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதிக் குன்றுகளில், ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் தொல்லுயிர் எச்சங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. கடலடியில் படிந்த சேறும் மணலும் இன்று பாறைக் குன்றுகளாக உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் வடக்கே ரண் என்னும் உப்புச் சமவெளி தாழ்ந்து கிடக்கிறது. தாழ்நிலத்தில் படிந்தவை மேட்டுநிலமாக மாறியது எவ்வாறு? ஒரே பிளவுப்பெயர்ச்சி இருவேறு காலங்களில் எதிரெதிராக இயங்கியதே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படுகையின் தோற்றம்

பாறைத்தொகுதிகள் முறிந்து, முறிவுத் தளத்தை ஒட்டி ஒன்றுக்கொன்று இடம்பெயர்வதே பிளவுப்பெயர்ச்சி எனப்படும். புவியோடு இழுவிசைக்கு உட்படும்போது, சாய்ந்த முறிவுத் தளத்தின் மேலுள்ள தொகுதி கீழிறங்கும்; இஃது இயல்புப் பிளவு. அமுக்கவிசைக்கு உட்படும்போது அத்தொகுதி மேலேறும். இஃது எதிர்ப் பிளவு.

கோண்டுவானாப் பெருங்கண்டம் உடையத் தொடங்கிய காலத்தில், இழுவிசையால் கட்ச் பகுதியில் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைந்த இயல்புப் பிளவுகள் இயங்கின. கீழிறங்கிய தொகுதிகளுள் கடல் புகுந்தது. ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களில் அங்குச் சேர்ந்த படிவுகளின் தடிமன் சில இடங்களில் 2,000 மீட்டரைக் கடக்கிறது. ஆழமற்ற கடலில் இத்தகைய தடிமன் சேர வேண்டுமாயின், படிவு சேரச் சேரத் தரையும் தாழ்ந்திருத்தல் வேண்டும். ஆகவே, படிவுகளின் தடிமன் அக்காலத் தரையிறக்கத்தின் பதிவாகிறது.

விசை மாற்றமும் குன்றுகளின் எழுச்சியும்

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டுடன் மோதத் தொடங்கியது. அம்மோதல் இன்றும் தொடர்வதால், கட்ச் பகுதியில் வடதென் திசையில் அமுக்கவிசை நிலவுகிறது. புதிய முறிவை உண்டாக்குவதைக் காட்டிலும், வலுவிழந்த பழைய முறிவில் நகர்வது பாறைக்கு எளிது. எனவே, முன்னர்த் தரையைத் தாழ்த்திய பிளவுகளே பின்னர் அதனை உயர்த்தின. நிலவியலார் இதனைப் படுகைத் தலைகீழாக்கம் என்பர். கட்ச் பெருநிலப் பிளவு, கட்ரோல் குன்றுப் பிளவு ஆகியவற்றை ஒட்டிக் குன்றுத்தொடர்கள் அமைந்திருப்பது இதன் விளைவாகும்.

ஆறுகளும் இவ்வெழுச்சியைக் காட்டுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுகள் பூஜ் நகரை அடுத்த பகுதிகளில் பாறையை ஆழமாக அறுத்துச் செல்கின்றன. எனினும், கடல்மட்ட மாற்றமும் காலநிலை மாற்றமும்கூட ஆற்றரிப்பைத் தூண்டவல்லவை. அரிப்பு பிளவுக்கோட்டை ஒட்டி மிகுகின்றதா என்பதைக் கண்டறிந்த பின்னரே அதனை நில எழுச்சியின் சான்றாகக் கொள்ளுதல் தகும்.

இரு நிலநடுக்கங்கள்

1819 ஜூன் 16 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில், ரண் சமவெளியில் சில மீட்டர் உயரமும் ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் கொண்ட மேடு எழுந்தது. மக்கள் அதனை 'அல்லா பந்து', அதாவது இறைவன் கட்டிய அணை, என்றழைத்தனர். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. சிந்து ஆற்றின் கிளையொன்று தடைபட்டது. 1826ஆம் ஆண்டு வெள்ளம் அம்மேட்டை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. மேடு, பள்ளம், நீர்நிலை, அரிப்பு என நில உருவாக்கத்தின் படிநிலைகள் அனைத்தும் ஏழே ஆண்டுகளில் நிகழ்ந்தன. சார்லஸ் லயல் இந்நிகழ்வைத் தம் 'நிலவியல் கோட்பாடுகள்' நூலில் எடுத்தாண்டார்.

2001 ஜனவரி 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் இதனின்று வேறுபட்டது. பல்லாயிரவர் உயிரிழந்த அந்நிகழ்வில், முதன்மை முறிவு நிலத்தின் மேற்பரப்பை எட்டவில்லை. பின்னதிர்வுகளின் பரவலைக் கொண்டே, தெற்கு நோக்கிச் சாய்ந்த முறிவுத் தளம் ஆழத்தில் உள்ளமை அறியப்பட்டது.

முடிவுரை

மேற்பரப்பில் பிளவு காணப்படாமை, ஆழத்தில் அஃது இல்லை என்பதற்குச் சான்றாகாது. படிவுகள் பழைய தரையிறக்கத்தையும், ஆறுகளும் சரிவுகளும் அண்மைய எழுச்சியையும் உணர்த்துகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தால், கட்ச் ஒரு பழைய படுகையாகவோ ஒரு குன்றுப்பகுதியாகவோ மட்டுமே தோன்றும். இணைத்து நோக்கும்போதுதான், அடியிலுள்ள பழைய முறிவுகள் இன்னும் இயங்குகின்றன என்பது புலப்படும். தட்டு எல்லைகளிலிருந்து விலகி அமைந்த பழைய படுகைகளின் நிலநடுக்க இடரை மதிப்பிட இவ்விணைநோக்கு இன்றியமையாதது.