பதினாலு மாத்திரையும் ஓடுற கடிகாரமும்

மாரடைப்பு மருந்து ஆராய்ச்சின்னா புது மருந்து கண்டுபிடிக்கிறதுன்னுதான் நினைக்கிறோம். கையில இருக்குற மருந்தை ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்து ஆளுக்கு நேரத்தோட, ஆபத்தில்லாம கொடுக்குறது எப்படிங்கிறதும் ஆராய்ச்சிதான்.

1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். ஆஸ்பிரினும் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 8 சதவீதம். ரெண்டுமே கிடைக்காதவர்களில் 13.2 சதவீதம். அதாவது மருந்து அப்பவே கையில இருந்தது.

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடந்த டிஎன்-ஸ்டெமி ஆய்வு சேர்ப்பு வேலையைத்தான் சோதிச்சது. சின்ன ஆஸ்பத்திரியில் உடனே ஈசிஜி, கட்டி கரைக்கும் ஊசி. அப்புறம் 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆஞ்சியோகிராமுக்கு. செலவுக்கு அரசுக் காப்பீடு. ஊசிக்குப் பிறகு ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35-லிருந்து 60.8 சதவீதமானாங்க. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைஞ்சாங்க. குலுக்கல் முறையில் பிரிக்காத, 'முன்-பின்' ஒப்பீடு இது. அதனால முழுப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுக்க எனக்குத் தயக்கம். ஆனா இதுல புது மருந்து ஒண்ணுகூட இல்லைங்கிறதைக் கவனிங்க.

2023 ஜூனில் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் இன்னும் ஒரு படி கீழே, துணை சுகாதார நிலையம் வரைக்கும் இறங்குது. ஆஸ்பிரின் 150 மி.கி. ரெண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நாலு, அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எட்டு. மொத்தம் பதினாலு. புதுக்கோட்டையிலிருந்து திருச்சியோ தஞ்சாவூரோ போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தப் பயணத்துக்கு முன்னாடியே மருந்து உள்ளே போயிடும்.

இதை வீட்டிலேயே வாங்கி வச்சுக்கலாமேன்னு கேட்பீங்க. நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு இல்லை. மகாதமனி கிழிஞ்சாலும் நெஞ்சு வலிக்கும். அப்ப ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை ஆபத்து. கட்டி கரைக்கும் ஊசியில எச்சரிக்கை இன்னும் அதிகம்: மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்குப் போடக் கூடாது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு தடவை போட்டா உடம்பு அதுக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிடும், மறுபடி போட்டா வேலை செய்யாமப் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமா வைக்கச் சொல்றது இதுக்காகவும்தான்.

நான் பார்க்குற மென்பொருள் வேலையில தாமதம் எந்தக் கட்டத்துலன்னு முதல்ல அளப்போம். இங்கே ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்புறமான நிமிஷங்களை அளக்கறாங்க. வலி ஆரம்பிச்சதும் "வாயுதான்"னு சோடா குடிச்சுட்டுத் திண்ணையில படுத்த ரெண்டு மணி நேரம் நோயாளி சொன்னாத்தான் கணக்குல வரும்.