நாயுடன் எல்லை தாண்டுவதா? வேனுக்கு முன் நாயின் தாள்கள் தயாராக வேண்டும்

செராஸ் - பள்ளி விடுமுறை நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். அண்மைய ஆண்டுகளாக அதில் கேம்பர்வேனும் சேர்ந்துள்ளது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருப்பதால் தங்கும் விடுதி தேட வேண்டியதில்லை. வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது பலருக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

சிங்கப்பூரில் கடலோரம் வசிக்கும் அத்தை வீட்டிற்கோ, தென் தாய்லாந்தின் சொங்க்லா கடற்கரைக்கோ போக ஒரு செராஸ் குடும்பம் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களுக்குக் கடப்பிதழ் இருக்கிறது. வேனுக்குச் சாலை வரியும் காப்புறுதியும் இருக்கின்றன. நாய்க்கு என்ன இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒரு தடுப்பூசி அட்டை இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது. இந்தத் திட்டம் தடைப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லையில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

எல்லாவற்றுக்கும் காரணம் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். அறிகுறி தெரிந்த பிறகு இந்நோய்க்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதர்களுக்கு இது பரவுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சம்பவங்களுக்கு நாயே காரணம்.

நோய் தொற்றிய நாய் உடனே நோயாளியாகத் தெரியாது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வழக்கம்போலச் சாப்பிட்டு விளையாடும். அதனால்தான் “எங்கள் நாய் நன்றாகத்தானே இருக்கிறது” என்ற பேச்சைச் சோதனைச் சாவடி அதிகாரி ஏற்பதில்லை. அவருக்கு வேண்டியது ஆவணச் சான்று.

மலேசியா இந்நோயுடன் நீண்ட காலம் போராடிய நாடு. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலங்களில் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டு, 1950-களிலேயே ஒரு தடுப்பு வளையம் உருவாக்கப்பட்டது. 2010-களின் தொடக்கத்தில் ரேபிஸ் இல்லாத நாடு என்ற பெயரையும் மலேசியா பெற்றது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவத் தொடங்கியது. அங்கு இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

சிங்கப்பூரோ 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடாக இருந்து வருகிறது. ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். நாயைப் பொறுத்தவரை அதன் இரு முனைகளும் வெவ்வேறு உலகங்கள்.

தாள்கள் வரும் வரிசை

முதலில் மைக்ரோசிப். அரிசி அளவுள்ள இந்தச் சில்லைக் கால்நடை மருத்துவர் நாயின் கழுத்துப் பகுதியில் தோலுக்கு அடியில் செலுத்துவார். தடுப்பூசிக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சிப் எண் இல்லாமல் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று நிரூபிக்க முடியாது. அப்படி நேர்ந்தால் ஊசியை மறுபடியும் போட வேண்டி வரும்.

அடுத்து ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்யப்படும். நாயின் உடலில் போதிய எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்பதை அது காட்டும். ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 அனைத்துலக அலகு இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் முடிவு மட்டுமே செல்லும்.

அதன் பிறகுதான் விண்ணப்பங்கள். சிங்கப்பூர் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவையிடம் இறக்குமதி உரிமம் பெற வேண்டும். தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடமும் முன்பதிவு செய்ய வேண்டும். அங்கு நாய் வாரக்கணக்கில் தங்க நேரிடலாம். மலேசியத் தரப்பில் நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லும் அனுமதியும், பயணத்திற்குச் சில நாள்களுக்கு முன் எடுக்கும் சுகாதாரச் சான்றிதழும் தேவை. இவற்றைப் பற்றிக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகிவிடும். டிசம்பர் விடுமுறைக்குப் போக நினைப்பவர் ஜூன் மாதமே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு வார விடுமுறைக்காக நாயைப் பல வாரம் கூண்டில் வைப்பது தகுமா என்பதையும் குடும்பம் சேர்ந்து யோசிப்பது நல்லது.

திரும்பி வரும்போது

பலர் மறந்துவிடும் கட்டம் இது. நம் நாட்டு நாயாக இருந்தாலும், வெளியே போய் வந்தால் அது இறக்குமதிதான். இறக்குமதி அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவர முடியாது. சிங்கப்பூரிலிருந்து வரும் நாய்க்கு, தாள்கள் சரியாக இருந்தால், தனிமைப்படுத்தலிலிருந்து விலக்கு உண்டு. தாய்லாந்திலிருந்து வந்தால் குறைந்தது 7 நாள் தனிமைப்படுத்தல் உண்டு.

வேனின் பின்பக்கம் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. 2011-ஆம் ஆண்டின் மலேசியத் தனிமைப்படுத்தல் மற்றும் பரிசோதனைச் சேவைச் சட்டப்படி, அனுமதியின்றி விலங்கைக் கொண்டுவருவோருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாயும் பறிமுதலாகும்.

பெரிய புள்ளிகளுக்கும் இதில் சலுகை கிடையாது. 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் பிஸ்டல், பூ என்ற இரு நாய்கள் தனியார் விமானத்தில் முறையான அறிவிப்பின்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் அவை கொல்லப்படும் என்று அந்நாட்டு அரசு கெடு விதித்தது. நாய்கள் உடனே விமானம் ஏறின. அடுத்த ஆண்டு அவர் மனைவி ஆம்பர் ஹெர்ட் நீதிமன்றத்தில் நின்று, பயண ஆவணத்தில் தவறான தகவல் தந்ததை ஒப்புக்கொண்டார்.

எந்த நாய், எந்த வீடு?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் காவல்காரன். லயத்து வாசலில் படுத்திருக்கும், இரவில் குரைக்கும், உரிமம், சிப் என்ற பேச்சே அப்போது இல்லை. இன்று செராஸ் தாமான் வீட்டில் நாய் வளர்ப்பவர் ஊராட்சி மன்றத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். செராஸின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழும், இன்னொரு பகுதி காஜாங் நகராண்மைக் கழகத்தின் கீழும் வருகிறது. வீட்டு மதிப்பீட்டு வரி ரசீதைப் பார்த்தாலே உங்கள் மன்றம் எது என்று தெரிந்துவிடும்.

வகையும் முக்கியம். பிட்புல், அகிடா, தோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவற்றை மலேசியாவுக்குள் கொண்டுவரத் தடை உள்ளது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

உறவினர் வீட்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிறிய வகையாக இருக்க வேண்டும். உள்ளூர்க் கலப்பின நாய்களுக்குத் தனித் திட்டம் இருந்தாலும் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அத்தைக்கு ஆசை இருந்தும் வீட்டு விதி இடம் கொடுக்காமல் போகலாம்.

எல்லை தாண்டாமல் ஒரு வழி

அதனால் சில குடும்பங்களுக்கு நடுவழிச் சந்திப்பே சுலபமாக இருக்கும். செராஸிலிருந்து கேம்பர்வேன் தெற்கே ஜொகூரின் டெசாரு அல்லது மெர்சிங் கடற்கரைக்குப் போகட்டும். சிங்கப்பூர் உறவினர்கள் பாலம் கடந்து அங்கே வரட்டும். தீபகற்பத்துக்குள் நாய்க்கு இறக்குமதி அனுமதி தேவையில்லை. சபா, சரவாக் போவதென்றால் மட்டும் அனுமதி வேண்டும். போர்ட் டிக்சன் இன்னும் பக்கம். செராஸிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். கடற்கரையிலும் முகாம் இடத்திலும் நாய்க்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழியில் கவனிக்க வேண்டியவை சில:

• புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்திற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வாந்தி எடுக்கும்.

• இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, நடக்க விட வேண்டும்.

• பூட்டிய வண்டியில் நாயை விட்டுப் போகவே கூடாது. நம் வெயிலில் அரை மணி நேரத்திற்குள் உள்ளே வெப்பம் 45 பாகையைத் தாண்டலாம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

• ஆர்&ஆர் ஓய்விடங்களில் சூராவ், உணவுக் கடைகளிலிருந்து தள்ளி, கயிற்றில் பிடித்தபடியே நடத்த வேண்டும். கழிவை உடனே அள்ளிவிட வேண்டும். முஸ்லிம் சகோதரர்களுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

• ஓடும்போது நாய் கூண்டிலோ வாரிலோ இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் கைத்தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கூட்டிப் போக முடியாத நிலை வந்தால் உரிமம் பெற்ற காப்பகத்தில் விடலாம், அல்லது நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுக்கலாம். விடுமுறைக்காக நாயைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போவது எந்தக் குடும்பத்துக்கும் அழகல்ல.

விதிமுறைகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். ஆகவே, வேனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அருகிலுள்ள கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. போகும்போது நாயின் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.