கண் எரிச்சலுக்கு மீந்துபோன சொட்டு மருந்து போதுமா?

கண் சிவந்து எரிந்தால் நம்மில் பலரும் முதலில் தேடுவது, போன தடவை வாங்கி மீந்துபோன சொட்டு மருந்தைத்தான். அது இல்லையென்றால் மருந்துக் கடையில் கேட்டு ஒன்றை வாங்கி விட்டுக்கொள்கிறோம். ஆனால் கண் சிவப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணத்துக்கு ஏற்ப மருந்தும் மாறும்.

வறட்சி

நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். அப்போதெல்லாம் கண்ணீர் பரவிக் கண் ஈரமாகிறது. செல்போனை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது பாதியாகக் குறைந்துவிடும். மாலையில் மணல் விழுந்தது போல் உறுத்துவது இதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்திலுள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்பது நல்லது. மின்விசிறி, ஏ.சி. காற்று நேராக முகத்தில் படாமல் உட்கார வேண்டும்.

பார்வைக் குறைபாடு

பிள்ளைகள் புத்தகத்தை முகத்தருகே பிடித்தாலோ, அடிக்கடி தலைவலி என்றாலோ கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி போட்டால் பார்வை மேலும் கெடும் என்பது தவறான எண்ணம்.

ஒவ்வாமை

அரிப்புதான் இதன் முக்கிய அடையாளம். கசக்கக் கசக்க அரிப்பு கூடும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும்.

மெட்ராஸ் ஐ

கண் சிவந்து நீர் வடியும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். இது பார்ப்பதால் பரவுவதில்லை. கை, துண்டு, தலையணை உறை வழியாகவே பரவுகிறது. வைரஸால் வந்தது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும்.

சுருமா

நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தது ‘இஸ்மித்’ என்னும் சுருமாவை. இன்று சுருமா என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் அதுவல்ல. அவற்றில் சிலவற்றில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைத்தால் ஈயம் உடலுக்குள் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சுருமாவைப் பச்சிளம் குழந்தைகளுக்கு இடாமல் இருப்பதே பேணுதல்.

எச்சரிக்கை

நாமாக வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். விட்டதும் சிவப்பு மறையும். குணமாகிவிட்டது என்று தோன்றும். கருவிழியில் கிருமிப் புண் இருந்தால் அது உள்ளே முற்றும். மாதக்கணக்கில் தொடர்ந்து விட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். அழுத்த நோயால் இழந்த பார்வை திரும்புவதில்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுவதும் ஆபத்து.

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்த்துவிடுவோம்.