'ஆல்தோ' வந்தபின் 'பட்' எதற்கு?

உட்காருங்கள் அக்கா, தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் ஆங்கிலத் தாளில் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கச் சொல்லும் பகுதிக்கு 10 மதிப்பெண். உங்கள் மகன் எழுதியிருப்பது இது: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஹீ கேம்'.

புக்கிட் மேராவில் இதைப் பேருந்திலும் கேட்கலாம், சந்தையிலும் கேட்கலாம். சீனத்தில் 'சுய்ரான்' என்று தொடங்கினால் அடுத்த பாதியில் 'தான்ஷ்' வருவது வழக்கம், இரண்டும் ஜோடி. அந்தப் பழக்கம் இங்கே எல்லார் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் தமிழ்ப் பிள்ளை தடுமாற வேண்டியதே இல்லை. பழைய நாடக நோட்டீசில் என்ன போடுவார்கள்? 'அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடைபெறும்.' நடுவில் 'ஆனால்' உண்டா? 'பெய்தாலும்' ஒன்றே போதும். ஆல்தோவும் அப்படித்தான். பட் வேண்டுமென்றால் ஆல்தோவை எடுத்துவிட வேண்டும். பிகாஸ் போட்ட வாக்கியத்தில் ஸோ சேர்ப்பதும் இதே கதை.

டெஸ்பைட்டுக்கும் அதே பொருள்தான், ஆனால் அது இணைப்புச் சொல்லே இல்லை. அதன் பின்னால் 'இட் ரெயின்ட்' என்று முழு வாக்கியம் நிற்காது. 'த ரெய்ன்' என்று பெயர்ச்சொல் நிற்கும்.

நம் தமிழ் காலை வாரிவிடுகிற இடம் அன்லெஸ். 'படிக்காவிட்டால் ஃபெயில் ஆவாய்' என்பதில் இல்லை என்கிற பொருள் வினையிலேயே இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய் 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி' என்று எழுதிவிடுகிறார்கள். அன்லெஸ்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு 'இல்லை' இருக்கிறது. இன்னொன்றும் சேர்ந்தால் படித்தால்தான் ஃபெயில் என்று ஆகிவிடும்! எந்தப் பையனுக்கும் பிடித்த விதிதான். அன்டிலும் இதே வகை. 'அப்பா வராத வரைக்கும் சாப்பிட மாட்டேன்' நமக்குச் சரி. ஆங்கிலத்தில் 'அன்டில் அப்பா கம்ஸ்', டஸின்ட் கூடாது.

2000-ஆம் ஆண்டிலேயே நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் இங்கே சிங்கப்பூரில் தொடங்கியது. இருந்தாலும் கடையில் தே ஓ கோசோங் கேட்கும்போது யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். தாளில் மட்டும் கவனம் போதும். விடையை எழுதுமுன் அவனை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்லெஸ், அன்டில் இரண்டும் வந்தால் மட்டும் தமிழை நம்ப வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அக்கா.