தோல்வழி மரபணு முடக்கத்திற்கான கொழுமியத் தாங்கிகள்

கொழுமியத் தாங்கிகள் என்பவை மருந்தைத் தமக்குள் பொதிந்து செல்களுக்குக் கொண்டுசேர்க்கும், கொழுப்பு வகைப் பொருள்களால் ஆன மிக நுண்ணிய குமிழ்களும் துகள்களும் ஆகும். மரபணுவை முடக்கும் சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்துகளை ஊசியின்றித் தோலில் பூசிச் செலுத்த இவை ஆராயப்படுகின்றன.

இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவின் செயலைத் தடுக்கும் என்பதை ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ ஆகியோர் உருளைப்புழுவில் கண்டறிந்து 1998இல் வெளியிட்டனர். 2006இல் நோபல் பரிசு பெற்றனர். இதில் மரபணு அழிவதில்லை. அதிலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ. மட்டுமே துண்டிக்கப்படுகிறது, அதனால் உரிய புரதம் உருவாவது குறைகிறது. 'முடக்கம்' என்ற சொல் பொருந்துவது இதனால்தான்.

பேக்கியோனிக்கியா கஞ்செனிட்டா என்னும் அரிய பரம்பரை நோயில், கெரட்டின் மரபணுப் பிழையால் உள்ளங்கால் தோல் தடித்து நடப்பதே வேதனையாகிறது. அமெரிக்காவில் ஒரு நோயாளியின் ஒரு பாதத்தில், பிழையுள்ள மரபணுவை மட்டும் குறிவைக்கும் ஆர்.என்.ஏ. ஊசிமூலம் செலுத்தப்பட்டது, மறு பாதத்தில் மருந்தில்லாத கரைசல். 2010இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற இடத்தில் தடிப்பு குறைந்தது. ஆனால் நரம்பை மரத்துப்போகச் செய்து ஊசி போடவேண்டிய அளவுக்கு வலி கடுமையாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் இதை யாரால் தாங்க முடியும்?

பூசுவதற்குத் தடை தோலின் வெளிப்படலமே. உடலின் பெரும்பகுதியில் அது 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்புதான். உள்ளங்காலில் பன்மடங்கு அதிகம். இறந்த செல்கள் செங்கற்களைப் போல் அடுக்கியிருக்க, செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் இடையே சுண்ணாம்புச் சாந்துபோல் நிறைந்துள்ளன. பொதுவாக 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இதைக் கடப்பதரிது. இந்த ஆர்.என்.ஏ.யோ ஏறத்தாழ 13,000 டால்டன், நீரில் கரைவது, எதிர்மின்சுமை உடையது.

அந்தச் 'சாந்து' கொழுப்பு என்பதால் கொழுமியத்தையே வாகனமாக்கினர். வழக்கமான லிப்போசோம்கள் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தங்கிவிடும். ஆகவே எத்தனால் கலந்த எத்தோசோம்களும், வளைந்து நெளியக்கூடிய டிரான்ஸ்ஃபர்சோம்களும் உருவாயின. நேர்மின்சுமை கொண்ட கொழுமியங்கள் ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்வதுடன், செல்லினுள் அதைச் சிறைப்படுத்தும் பையிலிருந்து வெளியேறவும் உதவுகின்றன. அளவு மிகுந்தால் அவையே செல்களுக்கு நஞ்சாகலாம்.

கொழுமிய நானோ துகளில் பொதிந்த பாட்டிசிரான் 2018இல் ஒப்புதல் பெற்றது; அது சிரைவழி ஏற்றப்படுவது. அதன்பின் ஒப்புதல் பெற்ற இவ்வகை மருந்துகளும் ஊசிமருந்துகளே. பூசும் வடிவங்கள் ஆய்வு நிலையில் உள்ளன. எலியின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது என்பதால், எலியில் கிடைத்த வெற்றியை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது.